தலைப்புகள் தவறிச் சொல்லிவிடும் உண்மைகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அரசியற் செய்திகளுக்கு இடப்படும் தலைப்புகள் சில வேளைகளில் எழுதியவர் நினையாத பொருளைத் தந்து வாசகரைச் சிரிக்க வைக்கின்றன. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு பார்த்தால், நமது செய்தியெழுத்தின் பழக்கங்கள் சில அதே தலைப்பில் அப்பட்டமாகத் தெரிகின்றன. இதைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுக்கியெடுத்து ஆசிரிய பீடத்தைக் கேலி செய்வது என் நோக்கமன்று. கல்முனையில் என் தகப்பனார் தொடங்கிய சிறிய அச்சகமொன்றை நடத்திவருபவன் நான். இரவு நேரங்கடந்து வந்து சேரும் செய்திக்கு நான்கே சொற்களில் தலைப்பிட்டு, அதையும் இரண்டு பத்தி அகலத்துக்குள் அடக்குவது எவ்வளவு சிரமமான வேலை என்பது எனக்குத் தெரியும். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு எனும் நினைவுமலர், கோயில் திருவிழா விஞ்ஞாபனம், தேர்தல் காலத்துத் துண்டுப்பிரசுரம் ஆகியவற்றை அச்சிட்டுப் பிழைப்பவன் என்பதால் எல்லாக் கட்சிக்காரரும் எனக்கு வாடிக்கையாளர்களே. ஆகவே ஒருவரையும் குறிவைத்து இதை எழுதவில்லை என்பதைத் தாங்கள் தாராளமாக நம்பலாம்.

இங்கே எடுத்துக்காட்டாகத் தரும் தலைப்புகள் எந்தவொரு பத்திரிகையிலிருந்தும் வெட்டியெடுத்தவை அல்ல. நாள்தோறும் நாம் காணும் வார்ப்புகளை வைத்து நானே கோத்தவை. எந்த நிருபரும் இது தன்னுடையதென்று வருந்த வேண்டியதில்லை. அப்படியும் எவராவது வருந்தினால் அதற்கு நான் பொறுப்பாளியல்லன்.

முதலில், சொல்லொழுங்கு சறுக்குவதால் மட்டும் வரும் வேடிக்கையைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். "ஊழல் குற்றச்சாட்டுக்குள்ளான தவிசாளரின் சாரதி இடமாற்றம்" என்று ஒரு தலைப்பு வருமானால், குற்றச்சாட்டு தவிசாளர் மீதா அல்லது சாரதி மீதா என்பதை அறிய வாசகர் நான்காவது பந்திவரை போக வேண்டியிருக்கும். "வெள்ளத்தைப் பார்வையிட்டார் அமைச்சர், மக்கள் பெருமகிழ்ச்சி" என்பது இன்னொரு வகை. மாரி காலத்தில் வாசற்படிவரை தண்ணீர் ஏறி, அடுப்பு மூட்ட இடமில்லாமல் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருப்பவர்கள் எதற்காக மகிழ்ந்தார்கள் என்று கேட்டால், செய்தியின் கடைசி வரியில் உலருணவுப் பொதி வழங்கப்பட்டது என்று இருக்கும். இவை அவசரத்தில் நேர்பவை. இன்னொருவர் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்தாலே திருந்திவிடும். ஆகையால் இவற்றில் அதிகம் தங்குவதற்கில்லை.

கட்சிச் சின்னங்களால் வரும் வேடிக்கை இதைவிடச் சுவையானது. கிழக்கிலே அது தனி விளைச்சல். தமிழரசுக் கட்சிக்கு வீடு, முஸ்லிம் காங்கிரஸுக்கு மரம், அகில இலங்கை மக்கள் காங்கிரஸுக்கு மயில், தேசிய காங்கிரஸுக்குக் குதிரை, தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சிக்குப் படகு, ஐக்கிய தேசியக் கட்சிக்கு யானை, ஐக்கிய மக்கள் சக்திக்குத் தொலைபேசி, பொதுஜன பெரமுனவுக்கு மொட்டு, தேசிய மக்கள் சக்திக்குத் திசைகாட்டி. வாசிக்கத் தெரியாத வாக்காளருக்கும் உதவட்டும் என்று ஏற்படுத்தப்பட்ட இந்தச் சின்னங்கள், இடம் மிச்சமாகும் என்பதால் தலைப்புகளில் கட்சியின் பெயரையே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டன. விளைவு என்ன? "மயில் மரத்துக்குத் தாவுமா?" என்று கேட்கிறோம். "வீட்டுக்குள் மீண்டும் பூசல்" என்று எழுதுகிறோம். "படகில் ஏறினார் முன்னாள் உறுப்பினர்" என்று வரும் செய்திக்குப் பக்கத்திலேயே கடலுக்குப் போன மீனவர்களைக் காணவில்லை என்ற செய்தி இருக்கிறது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் திகாமடுல்ல, அதாவது அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தின் ஏழு ஆசனங்களும் பங்கிடப்பட்ட விதத்தை எங்கள் அச்சகத்துக்கு வந்த ஒரு பெரியவர், "வீட்டுக்கொன்று, மரத்துக்கொன்று, மயிலுக்கொன்று, மிச்சம் நாலும் திசைகாட்டிக்கு" என்று சொன்னபோது, காணிப் பங்கீட்டு உறுதி வாசிப்பதாகவே பக்கத்தில் நின்றவர் நினைத்துக்கொண்டார்.

யானையின் நிலைதான் எல்லாவற்றிலும் சங்கடமானது. மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமங்களிலும் அம்பாறையின் மேற்குப்புற வயல்களிலும் யானை என்றால் அறுவடைக்கு நின்ற நெல்லைத் துவம்சம் செய்வது, வீட்டுச் சுவரை இடித்து நெல்மூட்டையை இழுப்பது, விடியற்காலையில் வயலுக்குப் போனவரை மிதிப்பது. அந்தக் கிராமத்தவர் காலைப் பத்திரிகையில் "மீண்டும் களமிறங்குகிறது யானை" என்று பெரிய எழுத்தில் வாசித்தால் முதலில் தேடுவது வெடியைத்தான். 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அந்த அரசியல் யானை நாடு முழுவதிலும் ஒரு மாவட்ட ஆசனத்தையும் வெல்லாமல், தேசியப்பட்டியல் ஆசனம் ஒன்றோடு நின்றது. அந்த ஒற்றை ஆசனத்தில் 2021இல் வந்தமர்ந்த ரணில் விக்கிரமசிங்க அடுத்த ஆண்டு யூலையிலேயே ஜனாதிபதியானார். அது உண்மையில் முதற்பக்கச் செய்திதான்; மறுக்கவில்லை. ஆனால் காட்டு யானை தாக்கி ஒரு விவசாயி இறந்தால் அது ஐந்தாம் பக்கத்து அடிமூலையில், ஒற்றைப் பத்தியில் வருகிறது. எந்த யானைக்கு எந்தப் பக்கம் என்பதை வைத்தே ஒரு பத்திரிகை எங்கிருந்து நாட்டைப் பார்க்கிறது என்று சொல்லிவிடலாம்.

சின்னத் தலைப்புகள் இன்னொன்றையும் தம்மையறியாமல் காட்டிக்கொடுக்கின்றன. மரம், மயில், வீடு என்று எழுதத் தொடங்கினால் தாவுதல், இணைதல், உடைதல், சாய்தல் என்ற வினைகள்தான் இயல்பாக வந்து ஒட்டும். காணிப் பிரச்சினையில் ஒரு கட்சியின் கொள்கை என்ன, நெல்லின் உத்தரவாத விலை பற்றி அது பாராளுமன்றத்தில் என்ன பேசியது என்பதற்கெல்லாம் அந்த வினைகள் உதவமாட்டா. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது மட்டுமே அரசியல் என்று வாசகர் நினைப்பதற்கு நமது தலைப்புகளும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி வினைச்சொற்களுக்கு வருகிறேன். நமது அரசியற் தலைப்புகளில் எவரும் சும்மா பேசுவதில்லை. அமைச்சர் என்றால் உறுதியளிப்பார். எதிர்க்கட்சி உறுப்பினர் சாடுவார், சீறுவார், காட்டமாகக் கேள்வி எழுப்புவார். பிரதேச சபை உறுப்பினருக்கு ஆதங்கம். பொதுமக்களுக்கு எப்போதும் விசனம். அதிகாரிகள் தெரிவிப்பார்கள், அதுவும் பெயர் சொல்லாமல். இந்தச் சொற்கள் பதவிக்குப் பதவி பங்கிடப்பட்டிருப்பதை ஒரு வாரத்து இதழ்களை விரித்துவைத்துப் பார்த்தால் எவரும் கண்டுகொள்ளலாம். பெயரை மறைத்துவிட்டு வினையை மட்டும் காட்டினாலும் பேசியவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று சொல்லிவிட முடியும். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்தபின் இதில் ஒரு புதிய பிரிவும் சேர்ந்துகொண்டது. வடிகான் வெட்டவில்லை என்று ஆண் உறுப்பினர் குரலுயர்த்தினால் அது சீற்றம். அதே வடிகானைப் பற்றிப் பெண் உறுப்பினர் குரலுயர்த்தினால் அது கண்ணீர்மல்கிய வேண்டுகோள். தலைப்பில் "பெண் உறுப்பினர்" என்று போடாமல் விடுவதுமில்லை. "ஆண் உறுப்பினர் சீற்றம்" என்று இதுவரை நான் கண்டதில்லை.

வினைச்சொற்களுக்கு அடுத்தபடி அதிகம் உழைப்பது "விரைவில்" என்ற சொல். என் தகப்பனார் காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, அச்சடித்து முடிந்ததும் அவற்றைக் கலைத்து அறைகளில் மீண்டும் போட்டுவிட வேண்டும். அடிக்கடி தேவைப்படும் வரியை மட்டும் கலைக்காமல் நூலால் கட்டி ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். நமது அரசியற் செய்திகளில் அப்படிக் கட்டிவைத்திருக்கத் தகுந்த வரிகள் ஒன்றிரண்டல்ல. மாகாண சபைகளை ஏற்படுத்திய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற வரிக்கு 1987ஆம் ஆண்டு இலங்கை இந்திய உடன்பாட்டின் வயதுதான். இந்தியத் தலைவர் எவர் வந்தாலும், இங்கிருந்து எவர் போனாலும் அந்த வரி தலைப்பில் ஏறிவிடும். மாகாண சபைத் தேர்தல் விரைவில் என்ற வரியும் அதே அடுக்கைச் சேர்ந்தது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பரில். அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின்னர் வந்த ஆண்டுகள் ஆளுநரின் நிர்வாகத்தில் கழிந்திருக்கின்றன. இடையிலே தேர்தல் முறையை மாற்றச் சட்டம் திருத்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை ஒன்றும் தயாரானது. 2018 ஆகஸ்டில் அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த தலைப்பு வேறெது? ஆனால் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற எல்லா நாட்களிலும் நாம் வாசித்தது "விரைவில்" என்பதைத்தான்.

உள்ளூராட்சித் தேர்தலின் கதையும் அப்படியே. 2023 மார்ச் 9ஆம் திகதி என்று நாள் குறிக்கப்பட்டு, வேட்புமனுக்களும் ஏற்கப்பட்டு, பிறகு திறைசேரியில் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அந்த வாரங்களில் எங்கள் அச்சகத்தில் அடுக்கிக் கிடந்த துண்டுப்பிரசுரங்களைக் கொண்டுபோக ஒருவரும் வரவில்லை என்பது என் சொந்த விசனம். அதை இங்கே நீட்டவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் "தேர்தல் நடக்குமா?" என்ற கேள்விக்குறித் தலைப்புகளைக் கண்டு கண் சலித்துவிட்டது. நடக்குமா என்று வாசகர் பத்திரிகையைக் கேட்க வேண்டியிருக்க, பத்திரிகை வாசகரைக் கேட்பது எந்த வகையில் செய்தியாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

தலைப்பு உண்மையை மட்டுமன்றி விருப்பத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று 1948 நவம்பர் 3ஆம் திகதி வெளியான சிக்காகோ டெய்லி ட்ரிபியூன். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று அது முதற்பக்கம் முழுவதற்கும் தலைப்பிட்டது. வென்றவர் ட்ரூமன். அந்தப் பத்திரிகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் படத்தைப் பார்க்காத பத்திரிகைக்காரர் இருக்கமாட்டார். அச்சுத்தொழில் செய்பவன் என்பதால் அந்தக் கதையில் என்னைக் கவர்ந்தது வேறு. அந்தப் பத்திரிகையின் அச்சுக்கோப்பாளர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். தட்டச்சில் அடித்த பக்கங்களைப் படமெடுத்துத் தகடாக்கும் மாற்று முறைக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டதால், வாக்கு எண்ணிக்கை தெளிவாவதற்குப் பல மணித்தியாலம் முன்பே பக்கத்தை மூட வேண்டியதாயிற்று. ஆக, நேரமின்மை ஒரு காரணம். ஆனால் நேரமில்லாதபோது பத்திரிகை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தால், அது நெடுங்காலமாக ஆதரித்துவந்த குடியரசுக் கட்சியின் பக்கமே சாய்ந்தது. தெரியாததை எழுதும்போது பேனை ஆசைப்பட்ட இடத்துக்குத்தான் போகிறது.

நமக்கும் அப்படியொரு சோதனைக் காலம் வந்தது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு மகிந்த ராஜபக்ஷ பிரதமராகப் பதவிப்பிரமாணம் செய்துகொண்டார். ரணில் விக்கிரமசிங்கவோ தான் பதவியில் இருப்பதாகக் கூறி அலரி மாளிகையை விட்டு நகரவில்லை. டிசெம்பர் நடுப்பகுதிவரை நாட்டில் இரண்டு பேர் பிரதமர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு வாரங்களில் ஒவ்வொரு பத்திரிகையும் எவரைப் பிரதமர் என்றும் எவரை முன்னாள் பிரதமர் என்றும் எழுதியதென்று பார்த்தால் போதும், அதன் ஆசிரிய தலையங்கத்தை வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. அடைமொழி போடாமல் இருவரையும் பெயர் சொல்லி மட்டும் எழுதிய பத்திரிகைகளை நான் மதிக்கிறேன். அந்த நாட்களில் அதற்கும் ஒரு துணிவு வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவை சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடியவை. நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியது இனிச் சொல்லப்போகும் விடயத்துக்காகவே. நமது அரசியற் தலைப்புகளில் நல்லது நடந்தால் செய்தவரின் பெயர் இருக்கும். கெட்டது நடந்தால் பெயர் இராது. "வீதியைத் திறந்துவைத்தார்" என்றால் யார் என்பது பெரிய எழுத்தில் முதற் சொல்லாக வரும். "வீதி கைவிடப்பட்டது" என்றால் கைவிட்டவரைக் காணோம். மாரியில் முகத்துவாரம் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டால், இயந்திரத்தை ஓட்டியவர் மணலுக்குள் நின்றிருக்க, வெட்டியவர் அரசியல்வாதி என்றே தலைப்பு வரும். வெட்டத் தாமதமாகி வயல் மூழ்கினால் வயல் "மூழ்கியது", அவ்வளவுதான். ஆண்டு முடிவில் செலவழிக்கப்படாத பணத்தைப் பற்றி "ஒதுக்கிய நிதி திரும்பிச் சென்றது" என்று எழுதுகிறோம். நிதி தானே எழுந்து கொழும்புக்குப் போய்விட்டதாகத் தலைப்பு சொல்கிறது. அதைத் திருப்பியனுப்பிய கையெழுத்து யாருடையது என்பதைச் சொல்வதில்லை.

ஒலுவில் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் கடனுதவியில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவால் அது திறந்துவைக்கப்பட்டது. திறந்துவைத்தவர் யார் என்பது எல்லாத் தலைப்பிலும் இருந்தது, பெயர்க்கல்லிலும் இருந்தது. பின்னர் நுழைவாயிலில் மணல் நிறைந்து படகுகள் உள்ளே வர முடியாமற் போயிற்று. துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்தில் கடல் கரையை அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் கொண்டுபோயிற்று. அந்தச் செய்திகளின் தலைப்புகளில் எழுவாயாக நின்றவை மணலும் கடலும் மட்டுமே. அலைத்தடுப்புச் சுவரை எங்கே கட்டினால் மணல் எங்கே சேரும், எங்கே அரிக்கும் என்பதைக் கணக்கிட்டவர்கள் யார், அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டவர்கள் யார், எச்சரிக்கை வந்திருந்தால் அதை ஒதுக்கியவர்கள் யார் என்று கேட்கும் தலைப்பு அரிதினும் அரிது. கடலின் மீது எந்த ஆணைக்குழுவும் விசாரணை நடத்த முடியாது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சவூதி அரேபியாவின் உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகளும் அதே கதிதான். கட்டி முடிந்து, பங்கீட்டுப் பிரச்சினை நீதிமன்றம் வரை போய், பத்து ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்து கதவும் யன்னலும் பழுதடைந்த வீடுகள் அவை. யாருக்கு எத்தனை வீடு என்பதில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நியாயம் உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் "வீடுகளைக் கையளிக்க நடவடிக்கை" என்று வந்த தலைப்புகளில் நடவடிக்கை எடுப்பவர் எவர், எடுக்காமல் விட்டவர் எவர் என்பது ஒரு நாளும் இருந்ததில்லை.

பெயரை விட்டுவிடும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. போர்க்காலத்தில் வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை ஒவ்வொரு நாளும் நாம் வாசித்த எழுவாய் "இனந்தெரியாதோர்" என்பதுதான். இனந்தெரியாதோர் சுட்டனர், இனந்தெரியாதோர் கடத்தினர். இனம் தெரியாமலா இருந்தது? ஊரில் சிறுபிள்ளைக்கும் ஓர் ஊகம் இருந்தது. தலைப்பிட்டவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்ததை எழுதினால் என்ன நேரும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் வைத்து, வீரகேசரியின் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரலில், மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்தச் செய்திகளுக்கும் இனந்தெரியாதோர் என்றே தலைப்பிட வேண்டியிருந்தது. அந்தக் காலத்து உப ஆசிரியர் ஒருவர் பெயரை விட்டாரென்றால், அது தன் நிருபர் மறுநாளும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. எவருக்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் துப்பாக்கிக்குப் பயந்து பழகிய அந்த வாக்கிய அமைப்பையே இன்று ஒரு மதகு உடைந்ததற்கும் பாவிக்கிறோம். ஒரு கொங்கிறீட் வீதி ஆறு மாதத்தில் வெடித்தால் ஒப்பந்தக்காரரின் பெயர் வேலைத்தளத்தில் நட்டிருந்த பலகையிலேயே இருக்கிறது. மதிப்பீட்டுத் தொகையும் இருக்கிறது. தகவலறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. இருந்தும் தலைப்பு "வீதி சேதம், மக்கள் விசனம்" என்றே வருகிறது. இன்றும் அச்சுறுத்தலே இல்லையென்று நான் சொல்லவில்லை. காணி, மணல், மேய்ச்சற்தரை ஆகியவற்றைப் பற்றி எழுதுகிற நிருபர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று கேள்விப்படுகிறேன். அத்தகைய செய்தியில் தயங்குவது வேறு, பிரதேச சபை வடிகானில் தயங்குவது வேறு. மரண அறிவித்தலில் காலமானவரின் பெயரை விட்டுவிட்டு "மரணம் சம்பவித்தது, உறவினர் துயரம்" என்று நான் அச்சிட்டுக் கொடுத்தால் எந்தக் குடும்பம் வாங்கிக்கொண்டு போகும்?

மேய்ச்சற்தரை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மாடுகளுக்கான தரையைக் கேட்டு 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். சில வாரங்களில் அந்தச் செய்தியின் தலைப்பு நாட்கணக்காக மாறிவிட்டது: இத்தனையாவது நாளாகத் தொடர்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 முதல் நடத்திவரும் போராட்டத்துக்கும் அதுவே நேர்ந்தது. முதலில் கோரிக்கை தலைப்பில் இருந்தது. பிறகு நாளும் எண்ணும் மட்டும் மிஞ்சின. ஒரு தாய் எவரிடம் எதைக் கேட்டு வீதியில் இருக்கிறார் என்பதை ஆயிரமாவது நாளிலும் தலைப்பில் சொல்ல வேண்டியிருப்பது சலிப்பான வேலைதான். அந்தச் சலிப்பைத் தாங்கிக்கொள்வது பத்திரிகையின் கடமைகளில் ஒன்று என்று கருதுகிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் பெரிதன்று. அமைச்சரோ உறுப்பினரோ "விரைவில்" என்று சொன்னால், எப்போது என்று உங்கள் நிருபர் அந்த இடத்திலேயே கேட்கட்டும். அவர் திகதி சொன்னால் திகதியைத் தலைப்பிலிடுங்கள். சொல்லாவிட்டால் "திகதி கூறவில்லை" என்பதைத் தலைப்பிலிடுங்கள். உடைந்ததற்கும் மூடப்பட்டதற்கும் திரும்பிப் போனதற்கும் பொறுப்பான பதவியையாவது எழுதுங்கள், பெயரை எழுதத் தயக்கமென்றால். கையளிப்பு விழாவில் ஒரு தையல் இயந்திரத்தை எட்டுப்பேர் தொட்டுக்கொண்டு நிற்கும் படத்தைப் போடும்போது, அதைப் பெற்றுக்கொண்ட பெண்ணின் முகம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் உபகாரம்.

இன்னொன்று: வாரத்துக்கு ஒருமுறை, அரைப் பத்தி அளவில், ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்கு முந்திய உங்கள் சொந்தத் தலைப்பு ஒன்றைத் திகதியோடு அப்படியே மறுபதிப்பிட்டு, அதன் கீழே அந்த விடயம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதலாம். கருத்துக் கூற வேண்டியதில்லை. கிழக்கில் இதற்கு விடயம் தேடி அலைய வேண்டியதுமில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தும் கோரிக்கையையும் ஒலுவில் துறைமுகத்தையும் வைத்துக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டிவிடலாம்.

எங்கள் அச்சகத்தில் இருந்த பழைய இதழ்க் கட்டுகளை 2004 டிசெம்பரில் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிந்தியவை பின்னறையில் ஆண்டுவாரியாகக் கட்டிக் கிடக்கின்றன. எங்களிடம் அச்சான தேர்தல் துண்டுப்பிரசுரங்களிலும் மாதிரிக்கு ஒவ்வொன்று எடுத்து வைத்திருக்கிறேன். சட்டப்படி அவற்றின் அடியில் வெளியிட்டவரின் பெயரும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. தங்கள் கல்முனை நிருபர் ஒரு கிழமை நாளில், பிற்பகலுக்குப் பிறகு வந்தால், தேவையானவற்றைப் படமெடுத்துக்கொள்ள இடமும் ஒரு மேசையும் தரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று கல்வெட்டு வேலை அதிகம்.

இங்ஙனம்,
நீண்டகால வாசகர் ஒருவர்,
கல்முனை.